மேடைக்கேற்ற ஓரங்க நாடகங்கள்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் பாடசாலைக் கலைவிழாவோ தமிழ்மொழித் தினப் போட்டியோ நெருங்கும்போது, "இம்முறை எந்த நாடகம்?" என்ற கேள்வி எழுகின்றது. விடை பெரும்பாலும் ஓர் ஆசிரியரின் இரவு நேர உழைப்பாகவே அமைகின்றது. சீதனத்தின் கொடுமையையோ போதைப்பொருளின் தீமையையோ எடுத்துக்கொண்டு, நல்லவன் ஒருவனையும் தீயவன் ஒருவனையும் எதிரெதிரே நிறுத்தி, இறுதியில் தீயவனைக் கண்ணீர் விடச் செய்து திரையை இழுத்துவிடுகின்றனர். கருத்து நல்லதுதான். ஆனால் அது வேடம் புனைந்த சொற்பொழிவேயன்றி நாடகமன்று. விழா முடிந்த மறுநாள் அதன் கைப்பிரதியைத் தேடுவார் இலர். நடிப்பதற்குரிய நாடகம் முதலில் படிப்பதற்குரியதாக இருத்தல் வேண்டும். இந்த ஓர் உரைகல்லைக் கையிற் கொண்டால், நமது பாடசாலைகளுக்கு ஏற்ற சிறு நாடகங்கள் பல அகப்படும்.

ஓரங்க நாடகம் மேல்நாட்டிலிருந்து வந்த புதுச்சரக்கு என எண்ணுவோர் உளர். சாய்ந்தமருதுக்கு அடுத்த ஊராகிய காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1926ஆம் ஆண்டில் "மதங்கசூளாமணி" என்னும் நாடக நூலை வெளியிட்டார். செகசிற்பியாரின் நாடகங்களையும் வடமொழித் தசரூபகத்தின் இலக்கணத்தையும் தமிழருக்கு அருகருகே வைத்துக் காட்டிய நூல் அது. தசரூபகம் கூறும் பத்து வகை நாடகங்களில் பாணம், வியாயோகம் போன்றவை ஓரங்கத்தில் முடிபவையே. பாசகவியின் "கர்ணபார"மும் "ஊருபங்க"மும் அவ்வாறானவை. சுவாமியின் பெயரை அறிந்தோர் பலர். அந்நூலைத் திறந்து பார்ப்போர் சிலர்.

முஸ்லிம் ஊர்களுக்கு நாடகம் அந்நியமானது என்ற கூற்றும் ஆராய்ந்து சொல்லப்பட்டதன்று. 1572ஆம் ஆண்டில் எழுந்த "ஆயிர மசலா" வினாவும் விடையுமாகவே நடைபெறும் காப்பியம். மச்சானும் மச்சியும் மாறிமாறிப் பாடும் கிழக்கிலங்கை நாட்டார் கவிகளில், ஒருவர் சொல்லுக்கு மற்றவர் கொடுக்கும் மறுமொழி உரையாடலின் உயிரையே பெற்றிருக்கின்றது. அந்தக் காதுடைய மக்களுக்கு நல்ல வசனம் எது, பொய் வசனம் எது என்பதைப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை.

தமிழில் முதலிற் கைக்கொள்ளத் தக்கவை பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் நாடகங்கள். 1940இல் வெளிவந்த "நானாடகம்" என்ற தொகுதியில் "உடையார் மிடுக்கு", "முருகன் திருகுதாளம்" முதலிய நான்கும், 1952இல் வெளிவந்த "இருநாடக"த்தில் இரண்டும் உள்ளன. பாத்திரங்கள் யாழ்ப்பாணத்துக் கிராம மக்களின் பேச்சையே பேசுகின்றன. அக்காலத்தில் அது துணிவான செயல். கல்முனை மாணவர் அவற்றை நடிக்கும்போது யாழ்ப்பாணப் பேச்சைப் போலிசெய்ய முற்படுதல் வேண்டா. பேராசிரியர் தம் ஊருக்குச் செய்ததை இவர்கள் தம் ஊருக்குச் செய்யட்டும். "மறுகா" என்று சொல்லிப் பழகிய பிள்ளையை "பின்னர்" என்று மேடையிற் சொல்ல வைக்கும்போதே அதன் முகம் மரத்துப்போகின்றது.

பிறமொழி நாடகங்களுள் சிரிப்புக்கு ருஷ்ய எழுத்தாளர் செக்கோவின் "பெண் கேட்டல்" ஒன்றே போதும். பெண் கேட்க வந்த நிலவுடைமையாளன் ஒருவன், வந்த செய்தியைச் சொல்வதற்கு முன்பே ஒரு புல்வெளி யாருக்குச் சொந்தம் என்று பெண்ணுடன் சண்டையிடுகிறான். அது ஓய்ந்ததும் வேட்டைநாய்களைப் பற்றி அடுத்த சண்டை மூள்கின்றது. நிச்சயம் முடிந்த பின்னரும் வாக்குவாதம் ஓயவில்லை. வட்டையும் வரம்பும் பற்றிய வழக்குகளைக் கண்ட எந்தப் போடியாருக்கும் இக்கதையை விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் அப்படியே பெயர்த்தெழுதினால் இக்கரையோரத்தில் அது பொய்யாகிவிடும். இங்கே சம்பந்தம் பேசி முதலிற் செல்வோர் பெண் வீட்டார். மணமகன் பெண்ணின் வீட்டிலே சென்று வாழ்பவன். மேலும், மணமாகாத ஆணும் பெண்ணும் மேடையில் தனித்து நின்று பேசுவதைப் பல பெற்றோர் விரும்பார். இரண்டு இடர்களையும் ஒரு மாற்றமே தீர்க்கும். பெண்ணின் தகப்பனாரான போடியார் மாப்பிள்ளை வீட்டுக்கு வருகிறார். அங்கே மாப்பிள்ளையின் வாப்பாவிடம் வரம்புத் தகராற்றில் வாய்கொடுத்து அகப்பட்டுக்கொள்கிறார். வேட்டைநாய்களின் இடத்தில் வண்டில் மாடுகள் நிற்கட்டும். ஆண்கள் பாடசாலையில் வேடத்துக்குப் பெண் தேட வேண்டிய அவசியமும் இல்லை. லேடி கிரெகரியின் "நிலவெழுச்சி"யிலும் பாத்திரங்கள் அனைவரும் ஆண்களே. அதனையும் இவ்வகையிற் கருதலாம்.

துயர நாடகமொன்றை நாடுவோர் அயர்லாந்து நாட்டவரான சிஞ் எழுதி, 1904இல் டப்ளினில் மேடையேறிய "கடல் நோக்கிச் செல்வோர்" என்பதைப் படித்தல் வேண்டும். ஏறக்குறைய அரை மணி நேர நாடகம். கணவனையும் மைந்தர் பலரையும் கடலுக்குப் பறிகொடுத்த தாய் ஒருத்தி, எஞ்சியிருக்கும் கடைசி மகனையும் இழக்கிறாள். காணாமற்போன மற்றொரு மகனின் உடை கரையொதுங்குகின்றது. அது அவனுடையதுதானா? தான் பின்னிய காலுறையின் இழைகளை எண்ணிப் பார்த்துத் தங்கை அதனை அறிகிறாள். கைத்தறிக்குப் பேர்போன மருதமுனையில், அந்தக் காலுறை ஒரு சாரனாகிவிடலாம். தான் நெய்த கரையை அவள் விரல் இருட்டிலும் அறியும்.

2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டது. அத்தகைய கரையில் இந்நாடகத்தை நடிக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. நடிக்கலாம், ஆனால் நினைவு நாளன்று வேண்டா. ஒலிபெருக்கியில் அலையோசை எழுப்புதலும் வேண்டா. சிஞ் கடலை ஓரிடத்திலும் காட்டவில்லை. அது கதவுக்கு வெளியே இருக்கின்றது; உள்ளே ஒரு தாயும் இரு பெண்மக்களும் வீட்டுவேலை செய்துகொண்டிருக்கின்றனர். பார்த்திருப்போருள் இழந்தவர் இருப்பர் என்பதை மறவாத ஓர் அடக்கம் அந்த நாடகத்திலேயே அமைந்திருக்கின்றது. மகளிர் பாடசாலையொன்று தாய்மார் முன்னிலையில் நடிப்பதற்கு இதனினும் சிறந்தது அரிது. மகனுக்கு உரிய வசனம் மிகச் சில. அவனை மேடைக்குக் கொணராமல் வாசலுக்கு வெளியே குரலாகவே வைத்துக்கொள்ளலாம். தாய் தெளிக்கும் தீர்த்தத்துக்குப் பதிலாக அவளுடைய துஆ ஒன்று போதும்.

எகிப்திய எழுத்தாளர் தௌபீக் அல் ஹகீமின் இரண்டு நாடகங்களும் கவனத்துக்குரியவை. "பைத்தியத்தின் ஆறு" என்பதில் நாட்டு மக்கள் அனைவரும் ஓர் ஆற்றுநீரைப் பருகிப் பித்தராகின்றனர். பருகாதவர் அரசனும் அமைச்சனுமே. இருவரையும் மக்கள் பித்தர் என்கின்றனர். முடிவில் அவர்களும் அந்நீரையே நாடுகின்றனர். மற்றையது "மரண கீதம்". கொலையுண்ட தந்தைக்காகப் பழிவாங்குவான் என்று தாய் காத்திருந்த மகன், கல்விகற்றுத் திரும்பி, பழியை மறுத்து, கிராமத்தின் சீர்திருத்தத்தைப் பேசுகிறான். தாய் அவனையே கொல்லுமாறு ஆணையிடுகிறாள். 1985ஆம் ஆண்டிலும் 1990ஆம் ஆண்டிலும் அயலூர்களான தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையே இரத்தம் சிந்தப்பட்ட கரை இது. பழியை வளர்ப்பது வெளியாரல்லர், பாசமுள்ள தாயே என்று காட்டும் நாடகத்தை உயர்தர வகுப்பு மாணவர் குறைந்தது உரக்க வாசித்தேனும் பார்க்க வேண்டும். நடிப்பதாயின், கல்முனைத் தமிழ்ப் பாடசாலையும் முஸ்லிம் பாடசாலையும் கூடி நடித்தலே பொருந்தும்.

அவ்வாறு கூடுதல் இங்கே புதிதன்று. பெரியநீலாவணையைச் சேர்ந்த கவிஞர் நீலாவணன் "மழைக்கை" முதலிய பா நாடகங்களை எழுதியபோது, அவரைச் சூழ்ந்திருந்த இளைஞரில் கல்முனைப் பகுதி முஸ்லிம் எழுத்தாளரும் இருந்தனர். மஹாகவியின் "கோடை" என்ற பா நாடகத்தை 1970இல் நூலாக்கியதும் கல்முனையின் வாசகர் சங்கமே. இவை ஓரங்கத்தில் அடங்குவன அல்ல. எனினும் ஒரு காட்சியைத் தனியே எடுத்து வாசித்தாலும் வசனத்தில் ஓசை எவ்வாறு நிற்கும் என்பதை மாணவர் உணர்வர்.

வேடங்களைப் பங்கிடுவதற்கு முன் நாடகம் முழுவதையும் இருமுறையேனும் வகுப்பில் உரக்கப் படித்தல் வேண்டும். இரண்டாம் வாசிப்பில் யார் எந்தப் பாத்திரத்துக்கு உரியவர் என்பது தானே புலப்படும். பார்வையழகைக் கொண்டு தெரிவுசெய்யும் வழக்கமும் நீங்கும். ஒரு மேசையும் மூன்று கதிரைகளும் உள்ள பாடசாலை, "பெண் கேட்ட"லை அடுத்த தவணையிலேயே தொடங்கலாம். சிஞ்சின் நாடகத்துக்கு மேலும் ஒரு தவணை வாசிப்புத் தேவைப்படும்.