மிளகாயின் எரிச்சலும் மூட்டுவலிக் களிம்பும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

வங்கியில் கணக்கு எழுதியவனுக்கும் மிளகாய்க்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நம்மில் பலர் மூட்டுவலிக்குக் களிம்பு வாங்குகிறோம். அவற்றில் சிலவற்றில் இருப்பது மிளகாயின் காரப்பொருளான 'கேப்சைசின்'. அதனால்தான் இந்தப் பேச்சு.

காரத்தை அறுசுவையில் ஒன்றாகச் சொல்கிறோம். உண்மையில் அது நரம்பு உணரும் எரிச்சல். நமது நரம்பு முனைகளில், சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு பட்டால் திறக்கும் நுண்ணிய வாயில் ஒன்று உண்டு. கேப்சைசின் சூடே இல்லாமல் அதைத் திறந்துவிடுகிறது. மூளையோ சுட்டுவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. 1997-ல் இதைக் கண்டறிந்த குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸ், 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

காரம் விதையில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறோம். விதை ஒட்டியிருக்கும் வெள்ளைப் பகுதியில்தான் அது அதிகம். அதை நீக்கினாலே காரம் வெகுவாகக் குறையும்.

கேப்சைசின் தண்ணீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். ஆகவே வாய் எரிந்தால் தண்ணீரைவிடப் பாலோ தயிரோ நல்லது. கை எரிந்தால் சமையல் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் மட்டும் எண்ணெயோ பாலோ வேண்டாம். சுத்தமான தண்ணீரால் 15 நிமிடம் கழுவுங்கள். எரிச்சல் நீடித்தால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

இனி களிம்புக்கு வருவோம். தொடர்ந்து தடவும்போது அந்த நரம்பு முனைகள் மரத்துப்போய், வலிச் செய்தி குறைகிறது. 0.025, 0.075 சதவீதக் களிம்புகள் உண்டு. அக்கிக்குப் பிறகு நீடிக்கும் நரம்பு வலிக்கு 8 சதவீதப் பட்டையை மருத்துவமனையில் ஒட்டுவார்கள். ஒரே நாளில் பலன் தெரியாது. முதலில் எரியும், சில வாரம் ஆகலாம்.

தடவுவோர் கவனிக்க வேண்டியவை:

1. புண், சிராய்ப்பு உள்ள இடத்தில் தடவாதீர்கள்.
2. தடவிய இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள்.
3. கையை நன்கு கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள், பேரக்குழந்தையைத் தூக்காதீர்கள்.
4. சர்க்கரை நோயால் கால் மரத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தடவுங்கள்.

மிளகாயை அரைத்து முழங்காலில் பற்றுப் போடும் யோசனை யாருக்கும் வேண்டாம். களிம்பில் அளவு உண்டு, அம்மியில் கிடையாது. தோல் கொப்பளித்துவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மிளகாய் வறுக்கும்போது ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். அந்த நெடி ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத்திணறலைக் கொண்டுவரும். அவர் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.