எனக்கு வேணும்

சனிக்கிழமை சாயங்காலம் நியூ ஜெர்சி ஐசலின் ஓக் ட்ரீ ரோட்டுக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டே காதைத் தீட்டிப் பாருங்கள். நாம் 'வேணும்' என்போம், மலையாளி 'வேணம்' என்பார், கன்னடக்காரர் 'பேக்கு' என்பார். மூன்றும் ஒரே வேர்தான். நம் வகரம் கன்னடத்தில் பகரமாகிவிடும், அவ்வளவுதான். கல்லாவில் இருக்கும் குஜராத்திக்காரரின் 'ஜோயியே' வேறு மொழிக்குடும்பம். ஆனாலும் 'நான்' என்று ஆரம்பிக்காமல், நம்மைப் போலவே 'எனக்கு' என்றுதான் அவரும் ஆரம்பிப்பார்!

அந்த 'எனக்கு'தான் எனக்கு உயிர். வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறேன். இங்கே பிறந்த பிள்ளைகள் 'நான் வேணும் ஜூஸ்' என்பார்கள். உங்கள் வீட்டிலும் கேட்டிருப்பீர்களே? 'நான் வேணும்' என்றால் யாருக்கோ நான் தேவை என்றாகிவிடும். எனக்குப் பசிக்கிறது, எனக்குப் பிடிக்கிறது, எனக்கு வேணும்... இதெல்லாம் நாம் செய்வதில்லை, நமக்கு வருவது என்று விளக்கினேன். ஒரு வாண்டு உடனே, "அப்போ மூணாவது ஐஸ்கிரீம் வேணும்னா அது என் தப்பு இல்லையே டீச்சர்?" என்றது. என்ன பதில் சொல்ல?

ஆனால் 'வேண்டினேன்' என்று சொல்லிப் பாருங்கள், 'நான்' வந்துவிடும். பழனிக்கு வேண்டிக்கொண்டால் மொட்டை போடவேண்டியது நாம்தானே! ஈழத்து நேயர்களுக்கு இன்னொன்றும் தெரியும். யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், "நேற்று சீலை வேண்டினனான்" என்றதும், மதுரைக்காரத் தோழி, "எந்தச் சாமிகிட்ட?" என்று கேட்டார். அங்கே வேண்டுவது என்றால் காசு கொடுத்து வாங்குவது.

ஆங்கில 'வான்ட்' கதை வேறு. பழைய ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வந்தது, முதலில் 'இல்லாமை' என்றே பொருள். இல்லாததைத்தானே கேட்போம்! நம்மிடம் 'வேள்' என்று இன்னொரு பழஞ்சொல் உண்டு. விரும்புவது, மணப்பது, வேள்வி செய்வது மூன்றும் அதற்குள் அடக்கம். அதில் பிறந்த வேட்கையைத்தான் தொல்காப்பியர் களவியலில் காதல் நிலைகளின் முதலில் வைக்கிறார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைகாட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. வடமொழியிலிருந்து வந்த ஆசை, குறளில் தனி அதிகாரமே பெற்ற அவா, இரண்டும் இன்னொரு நாளைக்கு. பிள்ளை 'நான் வேணும்' என்றால் அதட்டாதீர்கள். 'எனக்கு வேணும்' என்று நீங்கள் ஒருமுறை சொல்லிவிட்டு ஜூஸைக் கொடுங்கள். கேட்டுக் கேட்டே வந்துவிடும் என்பது என் நம்பிக்கை.