பிறவியும் பயிற்சியும்

கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் இயங்கி வந்த காலத்தில், ஊரிகத்திலே ஒரு தொழிலாளியின் வீட்டுக்கு வெளியூரிலிருந்து விருந்தினர் ஒருவர் வந்து தங்கியிருப்பதாக எண்ணிக்கொள்வோம். நள்ளிரவு. திடீரென்று நிலம் குலுங்குகிறது. கூரை நடுங்குகிறது. அடுக்கி வைத்த பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதி ஒலிக்கின்றன. விருந்தினர் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து வாயிற்புறம் ஓடுகிறார். நெஞ்சு படபடக்கத் திரும்பிப் பார்த்தால், அவ்வீட்டுக் குழந்தை புரண்டும் படுக்காமல் பாயில் உறங்கிக்கொண்டிருக்கிறது. குழந்தையின் தாய் மட்டும் எழுந்து உட்கார்ந்து இருளை நோக்கியபடி இருக்கிறாள். அவள் கணவன் அன்று இரவு முறை வேலைக்காக நிலத்தடியில் இறங்கியிருக்கிறான்.

அதிர்ச்சி ஒன்றே. ஆயினும் மூவரும் மூன்று விதமாக நடந்துகொண்டனர். விருந்தினர் ஓடினார்; குழந்தை உறங்கிற்று; தாய் விழித்துக் காத்திருந்தாள். இவற்றுள் பிறவியோடு வந்தது எது? கற்று வந்தது எது? இக்கேள்வியைத்தான் இன்று ஆராய விரும்புகிறேன்.

முதலில், நிலம் குலுங்கிய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பூமியின் ஆழத்தில் பொன்தாதுவை அகழ்ந்தெடுக்கும்போது அங்கே வெற்றிடம் உண்டாகிறது. அதுவரை அத்தாது தாங்கி நின்ற பளு, வெற்றிடத்தைச் சூழ்ந்த பாறையின்மேல் குவிகிறது. தாங்குமட்டும் தாங்கிய பாறை ஒரு கணத்தில் நொறுங்கிச் சிதறும். இதனைப் பாறை வெடிப்பு என்பர். தங்கவயலில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இது நிகழ்ந்து வந்தது. சுரங்கம் ஆழமாக ஆக, வெடிப்பின் வலிமையும் பெருகிற்று. மேலே வீடுகளை உலுக்கிய அதே அதிர்ச்சி, கீழே பலரின் உயிரைக் குடித்தது.

இனி நம் விருந்தினரைப் பார்ப்போம். எதிர்பாராத பேரொலியோ அதிர்ச்சியோ தாக்கும்போது உடல் திடுக்கிடுகிறது. இதை யாரும் நமக்குக் கற்பிக்கவில்லை. பிறந்து சில நாளே ஆன சிசுவும் திடுக்கிட்டுக் கைகளை விரிக்கிறது. இவ்வாறு கற்பிக்காமலே வரும் செயல்களுள் மிக எளியது இத்திடுக்கீடு. இதனினும் சிக்கலாய், ஓர் இனத்துக்கே உரியதாய், ஒழுங்குற நிகழும் செயல்களை உளநூலார் இயல்பூக்கம் என்பர்.

அப்படியாயின் குழந்தை ஏன் உறங்கிற்று? அதற்கும் அவ்வுடலே உண்டு. ஆனால் தொட்டில் நாளிலிருந்து பலமுறை நிலம் அதிர்ந்திருக்கிறது. அதனால் குழந்தைக்கு ஒரு தீங்கும் நேரவில்லை. தீங்கு செய்யாத தூண்டலுக்கு உடல் மெல்ல மெல்ல மறுமொழி கூறாது ஓய்ந்துவிடுகிறது. கற்றல் வகைகளுள் மிக எளியது இதுவே. நத்தை ஊர்ந்து செல்லும் பலகையை ஒருமுறை தட்டினால் அது தன் உணர்கொம்புகளை உள்ளிழுத்துக்கொள்ளும். விடாது தட்டிக்கொண்டே இருந்தால் சிறிது நேரத்தில் பொருட்படுத்தாமல் ஊர்ந்து செல்லும். நத்தைக்கும் உரிய இக்கல்வியே குழந்தையை உறங்கச் செய்தது.

தாயின் செயல் இவ்விரண்டினும் உயர்ந்தது. அவளும் அந்த அதிர்ச்சிக்குப் பழகியவளே, ஓடவில்லை. ஆயினும் அவள் அதன் பொருளைக் கற்றிருக்கிறாள். எந்த நாளில் எவர் வீட்டில் என்ன நேர்ந்தது என்னும் நினைவுகள் அவளை எழுப்பி உட்கார வைத்தன.

நாம் காணாத நான்காமவர் ஒருவரும் உண்டு. நிலத்தடியில் இருக்கும் கணவர் அவர். வேலை தொடங்குமுன் அவர் இரும்புப் பாரையால் தலைக்கு மேலுள்ள பாறையைத் தட்டிப் பார்க்கிறார். உறுதியான பாறை கணீரென ஒலிக்கும். பிளவுற்ற பாறை பொத்தென ஒலிக்கும். பளு ஏறிய பாறை சில வேளைகளில் நெரிந்து ஓசையிடும். துளைப்பொறியின் காதைத் துளைக்கும் இரைச்சலை அவர் செவி பொருட்படுத்துவதில்லை. ஆனால் பாறையின் சிறு முறிவொலி கேட்டால் உடனே பின்வாங்குகிறார். எதை அஞ்ச வேண்டும், எதை அஞ்ச வேண்டா என்று அவர் செவி பிரித்தறிகிறது.

இத்தகைய திறமையைக் காணும்போது, ‘இது இவர்கள் இரத்தத்தில் ஊறியது’ என்று சொல்லிவிடுவது நம் நாட்டு வழக்கம். குலத்தொழில் கற்காமலே பாதி வந்துவிடும் என்றும் சொல்வார்கள். இப்பேச்சு உண்மைதானா? முதலில் விலங்குகளிடம் கேட்டுப் பார்ப்போம்.

குயில் காக்கையின் கூட்டில் முட்டையிடுகிறது. காக்கை அடைகாத்துக் குஞ்சுக்கு இரையூட்டி வளர்க்கிறது. ஆனால் வளர்ந்த குயில் கரைவதில்லை, கூவுகிறது. இங்கே பிறவியின் கை ஓங்கி நிற்பது கண்கூடு.

தூக்கணாங்குருவியைப் பாருங்கள். கூடு பின்ன வேண்டுமென்ற உந்துதல் அதற்குப் பிறவியிலேயே உண்டு. ஆனால் இளம் ஆண்குருவியின் முதற்கூடு செப்பமாக அமைவதில்லை. அதன் ஆப்பிரிக்க உறவினமாகிய ஒரு நெசவுக்குருவியைக் காலியாஸ் தம்பதியர் ஆராய்ந்து 1964-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இளமையில் நாரும் புல்லும் கிடைக்காமல் வளர்க்கப்பட்ட குருவிகள், பின்னர் அவற்றைப் பெற்றபோது நன்றாகப் பின்ன இயலாமல் தடுமாறின; பழகப் பழகவே தேறின. உந்துதல் பிறவியில் வந்தது. கைத்திறன் பயிற்சியில் வந்தது.

பூனை எலியைக் கொல்வது இயற்கை என்பதில் நமக்கு ஐயமே இல்லை. சீன நாட்டு அறிஞர் குவோ இதையும் சோதித்து 1930-ஆம் ஆண்டில் எழுதினார். எலி பிடிக்கும் தாயோடு வளர்ந்த 21 குட்டிகளுள் 18 எலியைக் கொன்றன. தனியே வளர்ந்த 20 குட்டிகளுள் 9 மட்டுமே கொன்றன. எலிகளோடு ஒரே கூண்டில் வளர்ந்த 18 குட்டிகளுள் கொன்றவை 3 தாம். தம்முடன் வளர்ந்த எலிகளை அவையும் தொடவில்லை. தனியே வளர்ந்தவற்றுள்ளும் 9 கொன்றன அல்லவா? ஆகவே பிறவி பொய்யன்று. ஆனால் அது முடிந்த முடிபும் அன்று.

அச்சத்தைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. 1980-களில் அமெரிக்காவில் ஸூசன் மினேகா என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்த குரங்குகளைச் சோதித்தனர். அவை பாம்பைக் கண்டு அஞ்சவில்லை. காட்டில் வளர்ந்த குரங்கொன்று பாம்பைக் கண்டு நடுங்குவதைப் பார்த்த பிறகு, அவையும் மிக விரைவில் அஞ்சக் கற்றுக்கொண்டன. பிறகு வீடியோ நாடாவை மாற்றியமைத்து, குரங்கு மலரைக் கண்டு நடுங்குவதுபோலக் காட்டினர். மலருக்கு அஞ்ச அவை கற்கவே இல்லை. ஆகவே பிறவி இங்கே அளிப்பது முழு அச்சத்தை அன்று. சிலவற்றுக்கு எளிதில் அஞ்சக் கற்கும் ஆயத்தத்தையே அளிக்கிறது. அதை நிறைவு செய்வது மற்றொருவரைப் பார்த்துக் கற்பதாகும்.

மனித உடலுக்கு வருவோம். வெயிலைத் தாங்குவது இனத்தின் இயல்பு என்று முற்காலத்தில் பலர் நம்பினர். ஜப்பானிய உடலியல் அறிஞர் குனோ, தொழிற்படும் வியர்வைச் சுரப்பிகளை எண்ணிப் பார்த்தார். வெப்பநாட்டில் பிறந்து வளர்ந்த ஜப்பானியருக்கு அந்நாட்டு மக்களைப் போலவே மிகுதியான சுரப்பிகள் தொழிற்பட்டன. வளர்ந்தபின் அங்கே குடியேறிய ஜப்பானியருக்கோ தாய்நாட்டில் இருப்போரைப் போன்ற எண்ணிக்கையே இருந்தது. பிறந்த முதல் இரண்டரை ஆண்டுகளுக்குள் குழந்தை காணும் வெப்பமே இதனை வரையறுக்கிறது என்பது அவர் முடிவு. வளர்ச்சி என்பதன் பொருள் இதுதான்: பிறவி தந்த உடல், தான் வளரும் இடத்தால் உருவாக்கப்படுகிறது.

இப்போது தங்கவயலின் வரலாற்றையே சான்றுக்கு அழைப்போம். ஜான் டெய்லர் கம்பெனியார் 1880-ஆம் ஆண்டில் இங்கே பொறுப்பேற்றனர். அதன்பின் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய இடங்களிலிருந்து ஏழை மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆதிதிராவிடர். நிலமற்ற உழவுக் கூலிகள். ஏரும் ஏற்றமும் அறிந்திருந்தார்களேயன்றி, ஆழ்சுரங்கம் கண்டவர் அவர்கள் பரம்பரையில் எவரும் இல்லை. குலத்தொழிலே திறமையின் வேர் என்றால், இவர்கள் நிலத்தடியில் ஒரு நாளும் தேறியிருக்க முடியாது.

ஆனால் நடந்தது என்ன? இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர் வழிவழியாக அறிந்திருந்த தொழிலை இம்மக்களும் பயின்றனர். ஒரு தலைமுறைக்குள், உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றில் தாதுவை வெட்டியெடுக்கும் கைகள் அவர்களுடையவை ஆயின. சாம்பியன் ரீப் சுரங்கம் பின்னாளில் 3,000 மீட்டரையும் கடந்து இறங்கிற்று. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசுக்கும் மேல். காற்றைக் குளிர்விக்கும் பொறிகள் இருந்தும், இறங்குவோரின் உடல் வெம்மைக்குப் பழக வேண்டியிருந்தது. அப்பழக்கம் ஏறக்குறைய இரண்டு வார வேலையில் வருகிறது. வேலையை விட்டால் சில வாரங்களில் மறைகிறது. எந்தக் குலத்தில் பிறந்த உடலுக்கும் இது பொது. இரத்தத்தில் ஊறியது என்று சொல்லப்பட்ட திறமை, ஒருவர் மற்றொருவர்க்குப் பக்கத்தில் நின்று கற்பித்த கல்வியே ஆகும்.

இதில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. பாம்பைக் கண்டு பின்வாங்க விரைவில் கற்கும் மனிதன், கண்ணுக்குத் தெரியாத கல் தூசிக்கு அஞ்சுவதில்லை. பாறையைத் துளைக்கையில் எழும் நுண்தூசி நுரையீரலில் படிந்து, ஆண்டுகள் பல கழிந்தபின் சிலிகோசிஸ் என்னும் தீரா நோயாக வெளிப்படுகிறது. மூச்சை இழுத்த அன்று வலியில்லை; ஆகவே உடல் எதையும் கற்பதில்லை. நாள்தோறும் தீங்கின்றிக் கழிவதால், நத்தை பலகைத் தட்டலைப் புறக்கணித்ததுபோல் மனிதன் தூசியைப் புறக்கணிக்கிறான். தங்கவயலில் எத்தனையோ பேர் இந்நோய்க்கு இரையாயினர் என்பதை 1940-களின் மருத்துவ ஆய்வுகள் எடுத்துக்காட்டின. இயல்பூக்கம் வாய் திறவாத இடத்தில் அறிவு பேச வேண்டும். துளையில் நீர் பாய்ச்சித் தூசியை அடக்குதல், காற்றோட்டம் அமைத்தல், மார்பைப் படமெடுத்துச் சோதித்தல் ஆகியவை தனி மனிதனின் உள்ளுணர்வுக்கு விட்டுவிடக் கூடியவை அல்ல. அவை சமுதாயம் சட்டமாகவும் கல்வியாகவும் ஆக்கிக்கொள்ள வேண்டியவை. பாறை வெடிப்பும் அத்தகையதே. செவியை மட்டும் நம்பாமல் கருங்கல் சுவர்களால் வெற்றிடங்களைத் தாங்க வைத்ததும், நில அதிர்ச்சியை அளக்கும் கருவிகளை நிறுவியதும் இவ்வுண்மையை உணர்ந்ததன் பயனாகும். தேசியப் பாறை இயக்கவியல் நிலையம் 1988-ஆம் ஆண்டில் இத்தங்கவயலிலேயே தோன்றியது.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. பாறையின் ஓசையைப் பிரித்தறிந்த செவிகள் இன்று முதுமை எய்திவிட்டன. அவர்தம் பேரப்பிள்ளைகள் வேலைக்காக விடியற்காலையில் இரயிலேறிப் பெங்களூர் செல்கின்றனர். தாத்தாவின் செவி அவர்களுக்கு வரவில்லை, வரவும் முடியாது. கற்ற கல்வி கருவின் வழியே இறங்குவதில்லை. ஒரு தலைமுறை கற்பிக்காமல் விட்டால் அது அத்தலைமுறையோடு மறைந்துபோகும்.

இதை இழப்பென்று எண்ணி வருந்துவது இயல்பே. முதியோர் அறிந்ததைக் கேட்டு எழுதி வைப்பது நம் கடமையுமாகும். ஆனால் இவ்வுண்மைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. திறமை பிறவியில் வருவதன்று என்றால், இன்ன குலத்தான் இன்ன வேலைக்கே பிறந்தவன் என்னும் பேச்சுக்கு அடிப்படை இல்லை. உழவுக் கூலியின் மகன் ஆழ்சுரங்கத்தை வசப்படுத்தினான். அவன் பேத்தி இனி எதை வசப்படுத்துவாள் என்று அவள் பிறப்பைக் கொண்டு எவராலும் அளந்து சொல்ல முடியாது. அவளுக்கு அருகில் நின்று கற்பிப்பவர் யார், வளரும் இடம் எத்தகையது என்பவற்றையே நாம் கேட்க வேண்டும்.

அன்று அதிர்ந்த வீட்டில் உறங்கிய குழந்தை, அஞ்ச வேண்டாததற்கு அஞ்சாதிருக்கத் தானே கற்றுக்கொண்டது. அஞ்ச வேண்டியதை அதற்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு பெரியவர்களுடையது. அதனால்தான் தாய் விழித்திருந்தாள்.