பறக்காத மாதங்களுக்கு என்ன சம்பளம்?



அமெரிக்க விமான நிறுவனங்களில் விமானிகளுக்குச் சம்பளம் மணிக்கணக்கில். அந்த மணி, விமானி வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஓடத் தொடங்குவதில்லை. சீருடையோடு விமான நிலையத்துக்குள் நுழையும்போதும் இல்லை. பயணிகள் ஏறி, கதவு சாத்தி, விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்ந்தால்தான் கணக்கு ஆரம்பம். போய்ச் சேர்ந்த ஊரில் விமானம் வந்து நின்றதும் கணக்கு முடிந்தது.

சரி, இன்னும் ஒரு பயணியைக்கூட ஏற்றிப் பறக்காத புதியவருக்கு? வேலைக்கு எடுத்த நாளுக்கும் முதல் பயணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று மாதப் பயிற்சி இருக்கிறது. அந்த மாதங்களில் வாடகைக்கு எங்கே போவது? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிச் செலவு யார் தலையில்? இந்தத் தொழிலில் நுழைகிறவர் தாண்ட வேண்டிய முதல் கண்டம் இதுதான்.

பயிற்சி என்றதும், ஓட்டத் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பது என்று நினைத்துவிடக் கூடாது. வருகிறவர் லைசென்ஸ் வைத்திருப்பவர். அதற்காக ஒரு லட்சம் டாலர் அளவுக்குக் கடன்பட்டவராகவும் இருக்கலாம். முதலில் வகுப்பறையில் நிறுவனத்தின் விதிமுறைகள். அப்புறம், அவர் ஓட்டப்போகும் ரக விமானத்தின் மின்சாரம், ஹைட்ராலிக்ஸ், எஞ்சின் பாடங்கள். அதற்குப் பிறகு சிமுலேட்டர். அது இரவு பகலாக ஓடுகிற இயந்திரம் என்பதால், நள்ளிரவு தாண்டிய நேரம்கூட ஒதுக்கப்படலாம். தேர்வில் தேறினால், அனுபவமுள்ள கேப்டன் பக்கத்தில் இருக்க, பயணிகளோடு பறந்து காட்ட வேண்டும்.

அதுவரை வாசம் ஓட்டல் அறையில். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் காக்பிட்டின் பெரிய படத்தை ஒட்டிவைத்திருப்பார்கள். அதன்முன் இரண்டு நாற்காலி. ஜோடியாகப் பயிற்சி பெறும் இருவர் உட்கார்ந்து, காகிதத்தில் அச்சான சுவிட்சுகளை விரலால் தொட்டுத் தொட்டு, எதற்குப் பின் எது என்று வாய்விட்டுச் சொல்லி மனப்பாடம் செய்வார்கள். பல நிறுவனங்களில் அந்த அறையும் இருவருக்கு ஒன்றுதான். ஒருவர் குறட்டை விட்டால் மற்றவருக்கு மறுநாள் தேர்வு போச்சு.

இத்தனைக்கும் கூலி கொடுப்பது இருக்கட்டும், புதியவரிடமே காசு வாங்கிய காலமும் உண்டு. 1990களில் சில பிராந்திய நிறுவனங்கள், அதாவது பெரிய நிறுவனங்களின் பெயரும் வண்ணமும் பூசிச் சிறு நகரங்களுக்குப் பறப்பவை, வேலை தருவதற்கு முன்பே பயிற்சிக் கட்டணம் என்று ஆயிரக்கணக்கான டாலர் வசூலித்தன. பிறகு வந்தவர்களில் பலருக்குக் கட்டணம் இல்லை; ஆனால் பயிற்சி முடியும்வரை சம்பளமும் இல்லை. ஓட்டல் அறையும் சாப்பாட்டுப் படியும்தான். இதைக் கேட்க ஆளும் இல்லை. ஒப்பந்தம் பேசும் மேசையில் உட்காரும் விமானிகள் சங்கம், ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களின் சங்கம். அடுத்த மாதம் சேரப்போகிறவருக்கு அங்கே ஓட்டு கிடையாது.

புதிய விமானிகளின் நிலைமை வெளியுலகத்துக்குத் தெரியவந்தது ஒரு விபத்துக்குப் பின். 2009 பிப்ரவரி 12 இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோ போன, பிராந்திய நிறுவனமான கோல்கன் ஏரின் 3407 விமானம் ஒரு வீட்டின்மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். துணை விமானிக்கு வயது 24. பெற்றோர் இருந்த சியாட்டில் பகுதியிலிருந்து இரவெல்லாம் சரக்கு விமானத்தில் பயணம் செய்து வேலைக்கு வந்தவர். உடம்பும் சரியில்லை. விடுப்பு சொன்னால் குணமாகும்வரை ஓட்டல் செலவைத் தானே பார்க்க வேண்டியிருக்கும் என்று அவர் பேசியது காக்பிட் ஒலிப்பதிவில் இருந்தது. விசாரணையில் அவருடைய ஆண்டுச் சம்பளம் சுமார் 16,000 டாலர் என்ற தகவல் வந்தது; அதைவிடக் கூடுதல் என்று நிறுவனம் பிறகு சொன்னது.

விபத்துக்குச் சம்பளம் காரணம் என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. விமானம் வேகம் இழந்தபோது கேப்டன் செய்த தவறான செயலையே தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் காரணமாகக் காட்டியது. ஆனால் தூக்கம், களைப்பு, ஊர்விட்டு ஊர் வந்து வேலை பார்ப்பது எல்லாம் பேச்சுக்கு வந்துவிட்டன. ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய கேப்டன் சல்லன்பர்கர், தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும் ஓய்வூதியம் பறிபோனதையும் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடம் எடுத்துச் சொன்னதும் அதே பிப்ரவரியில்தான். நாடே கொண்டாடிய மனிதருக்கே இந்த நிலை என்றால், புதிதாகச் சேர்ந்தவர் எம்மாத்திரம்?

நாடாளுமன்றம் 2010இல் விமானப் பாதுகாப்புக்குச் சட்டம் இயற்றியது. அது சம்பளத்தை உயர்த்தச் சொல்லவில்லை. 2013 முதல், துணை விமானியாகச் சேரவே பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்று ஆனது. அதற்கு முன் 250 மணி நேர லைசென்ஸே போதும். ராணுவத்தில் பறந்தவர்களுக்கும் விமானத் துறைப் பட்டதாரிகளுக்கும் சலுகை உண்டு. இதில் ஒரு வேடிக்கை: விபத்துக்குள்ளான விமானத்தின் இரு விமானிகளும் 1,500 மணி நேரத்தைத் தாண்டியவர்கள்.

ஆனால் அந்த விதி ஆள் வரத்தைக் குறைத்தது. கோவிட் காலத்தில் மூத்தவர்கள் ஆயிரக்கணக்கில் முன்கூட்டியே ஓய்வு பெற்றார்கள். பறக்க ஆள் இல்லாமல் சிறு நகரங்களுக்கான சேவைகள் குறைந்தன. 2022 ஜூனில் என்வாய், பீட்மான்ட் என்ற பிராந்திய நிறுவனங்கள் முதலாண்டுத் துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் என்று அறிவித்தன. மாதம் 75 மணி நேரம் உத்தரவாதம் என்று வைத்துக்கொண்டால் 6,750 டாலர். புதியவர்களைப் பிடிக்கப் போட்டி வந்ததும் பயிற்சிக்காலச் சம்பளம், தனி அறை, சேரும்போதே ஒரு தொகை என்று சலுகைகள் விளம்பரமாயின. பல ஆண்டு முறையீட்டில் நடக்காதது, ஆள் தட்டுப்பாட்டில் நடந்தது.

மருத்துவக் காப்பீட்டின் கதை வேறு. அமெரிக்காவில் பெரும்பாலோருக்குக் காப்பீடு வேலையோடு ஒட்டியது; பழைய வேலையை விட்டால் பழைய காப்பீடும் போகும். புதிய நிறுவனம் எந்த நாளிலிருந்து தரும்? சில இடத்தில் முதல் நாளே, சில இடத்தில் 30 நாள் கழித்து, சில இடத்தில் இன்னும் தாமதம். ஒபாமா காலத்துச் சட்டத்தின்படி, 2014 முதல் தகுதி பெற்ற ஊழியரை 90 நாளுக்கு மேல் காக்கவைக்கக் கூடாது. பயிற்சி முழுவதும் அந்த 90 நாளுக்குள் முடிந்துவிடக்கூடும் என்பதுதான் சிக்கல்.

இடைவெளியைத் தாண்ட ஒரு பலகை உண்டு. கோப்ரா என்ற சட்டத்தின்படி, பழைய நிறுவனத்தின் காப்பீட்டைப் பொதுவாக 18 மாதம்வரை தொடரலாம். ஆனால் முதலாளி கட்டிவந்த பங்கையும் சேர்த்து முழு பிரீமியத்தையும், அதன்மேல் 2 சதவீதமும் தானே கட்ட வேண்டும். முடிவு சொல்ல 60 நாள் அவகாசம். பிரீமியத்தைக் கட்டிவிட்டால் விட்ட நாளிலிருந்தே காப்பீடு செல்லும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் உடனே கட்டுவதில்லை. அந்த 60 நாளில் நோய்நொடி வந்தால் கட்டுவது, வராவிட்டால் விட்டுவிடுவது. 26 வயதுக்கு உட்பட்டவர் பெற்றோரின் காப்பீட்டிலேயே இருக்கலாம். மாட்டிக்கொள்கிறவர், முப்பது வயதில் மனைவி, குழந்தையோடு வேறு தொழிலிலிருந்து வருகிறவர்தான். சிறிய பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக இருந்து மணிநேரம் சேர்த்தவருக்கோ, தொடர்வதற்குப் பழைய காப்பீடே இல்லாமலும் போகலாம்.

காப்பீடு இல்லாதது விமானிக்குக் கூடுதல் சிக்கல்; அவர் பிழைப்பே உடல்தகுதிச் சான்றில் இருக்கிறது. முதல் வகுப்புச் சான்று 40 வயதுக்குக் கீழே ஓராண்டுக்கும், அதற்கு மேல் ஆறு மாதத்துக்கும் செல்லும். சான்று போய்விடும் என்ற பயத்தில் மருத்துவரைத் தவிர்த்ததுண்டு என்று, 2022இல் வெளியான ஓர் ஆய்வில் பங்கேற்ற அமெரிக்க விமானிகளில் பாதிக்கு மேற்பட்டோர் ஒப்புக்கொண்டார்கள். காப்பீடும் இல்லாத மாதங்களில் அந்தத் தயக்கம் இரட்டிப்பாகும்.

2024இல் காற்று திசை மாறியது. போயிங் விமானங்கள் வந்து சேரத் தாமதமானதால், மே, ஜூன் மாதங்களில் யுனைடெட் நிறுவனம் புதிய விமானிகளை எடுப்பதை நிறுத்திவைத்தது. இப்படி வகுப்புத் தேதி தள்ளிப்போகும்போது, வேலை உறுதி என்ற கடிதத்தோடு காத்திருப்பவருக்கு அந்த வகுப்பில் உட்காரும்வரை சம்பளமும் இல்லை, காப்பீடும் இல்லை.

ஆகவே நேர்காணலுக்குப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. சம்பளம் எந்த நாளிலிருந்து, எத்தனை மணி நேர உத்தரவாதத்தோடு? காப்பீடு எந்தத் தேதியில் தொடங்கும், குடும்பத்துக்கும் உண்டா? அறை தனியா, பங்கா? நடுவில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டச் சொல்லும் பாண்டு உண்டா? இவற்றுக்கு எழுத்தில் பதில் வந்த பிறகு பழைய வேலையில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் போதும்.