கிடேரிக்கு மடி எப்போது உருவாகிறது?



போன மாதம் ஜெகதாப்பட்டினம் போயிருந்தேன். ஆண்கள் கடலுக்குப் போய்விடுவதால் அங்கே பல வீடுகளில் மாடு கன்றைப் பார்ப்பது பெண்கள்தான். ஒரு அம்மா தன்னுடைய ஜெர்சி கலப்புக் கிடேரியைக் காட்டினார். வயசு இரண்டரை. இன்னும் பருவத்துக்கு வரவில்லை; விலா எலும்பை எண்ணிவிடலாம். "சினை பிடிச்ச பிறகு புண்ணாக்கு வைக்கலாம்னு இருக்கேன் சார். இப்ப என்ன, பாலா கறக்குது?" என்று கேட்டார்.

இதற்குப் பதில் சுண்டெலியிடம் இருக்கிறது. சிரிக்காதீர்கள்!

சுண்டெலிக் குட்டி பிறக்கும்போது அதன் பால்மடியில் சில கிளைகளே உள்ள சிறு குழாய்கள்தான் இருக்கும். மூன்று, நான்கு வாரத்தில் அவை கிடுகிடுவென்று கிளைவிட்டுப் பத்துப் பன்னிரண்டு வாரத்துக்குள் மடி முழுக்கப் பரவிவிடும். சூலகத்தை எடுத்துவிட்டால் இந்த வளர்ச்சி நின்றுபோகும். சூலகத்தில் ஊறும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன்தான் அதற்குத் தூண்டுகோல். ஆனால் அது மட்டும் போதாது. 1958-ல் அமெரிக்காவின் பெர்க்கிலியில் நந்தி என்ற ஆய்வாளர் சுண்டெலிகளில் சோதித்துக் காட்டினார்: குழாய் வளர, மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் வளர்ச்சி ஹார்மோனும் கூட வேண்டும். பால் ஊறும் பைகள் உண்டாக புரோஜெஸ்டிரோன், புரோலாக்டின் என்ற இரண்டும் சேர வேண்டும். அது சினைக்காலத்து வேலை.

நம் கண்மாய்ப் பாசனம் மாதிரிதான். முதலில் வாய்க்கால், பிறகு வயல்.

மாட்டிலும் இதே வரிசைதான். வாரத்துக்குப் பதில் மாதக் கணக்கு. மூன்றாம் மாதத்திலிருந்து ஒன்பது, பத்து மாதம் வரை கிடேரியின் மடித்திசு உடம்பைவிட வேகமாக வளரும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மடியின் பெரும் வளர்ச்சி சினையில்தான் என்பது உண்மை. ஆனால் கிடேரி பருவத்துக்கு வந்தால்தானே சினை? பருவம் வயசைப் பார்த்து வருவதில்லை, உடல் எடையைப் பார்த்து வருகிறது. தீனியில் சிக்கனம் பிடித்தால் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் வீணாகும்.

அதற்காக அள்ளிக் கொட்டவும் வேண்டாம். பருவத்துக்கு முன்பே கொழுத்த கிடேரியின் மடியில் கொழுப்பு சேரும். பார்க்கப் பெரிய மடி, கறந்தால் ஏமாற்றம். நம் பக்கத்தில் அப்படிக் கொழுத்த கிடேரியை நான் அதிகம் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்! நாளைக்கு ஒன்று, ஒன்றரை கிலோ கலப்புத் தீவனம், பசும்புல், கொஞ்சம் அகத்தி, தாது உப்பு, காலாகாலத்தில் குடற்புழு மருந்து. இது போதும்.

கறக்கும்போது போடும் ஊசியை நம்பாதீர்கள். அது ஊறிய பாலை இறக்குமே தவிர மடியை வளர்க்காது. மாட்டைக் கெடுக்கும் அப்படிப்பட்ட ஊசியை 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடைச் சட்டமும் தடுக்கிறது.

எடை பார்க்கத் தராசு வேண்டாம், தையல்காரர் நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பின்தட்டு எலும்பு வரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறத்தாழ கிலோ கணக்கு வரும். கலப்பினக் கிடேரிக்கு 220 கிலோவுக்கு மேல் வந்த பிறகு சினை ஊசி போடலாம்.

அந்த அம்மாவின் கிடேரிக்குச் சுற்றளவு 48, நீளம் 42. எடை 147 கிலோதான்! புண்ணாக்கை அன்றைக்கே ஆரம்பிக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டில் நாலு மாதக் கன்று ஒன்று நின்றது. அதையும் அளந்து, தேதி போட்டுச் சுவரில் கரியால் எழுதிக்கொண்டார்கள்.