மூணு நாள் விருந்து, நாலாம் நாள் நட்பு!

(தலைப்பு: கோடை விடுமுறைக்கு நண்பர்கள் வீடு தேடி வருவது இன்றைய குடும்பங்களுக்குப் பெரிதும் மகிழ்ச்சியா? சுமையா? ‘மகிழ்ச்சியே!’ அணியின் இரண்டாவது பேச்சாளர் ஆற்றிய உரை.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! என் அணித் தலைவர் அவர்களே! எதிரணியிலே பில்லும் கையுமாக உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே! ஷிஃப்ட் முடிச்ச கையோடு, வீட்டுக்குக்கூடப் போகாம, கம்பெனி யூனிஃபார்மோடயே வந்து உட்கார்ந்திருக்கிற ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துச் சகோதர சகோதரிகளே! தாய்மார்களே! 

எனக்கு முன்னாலே பேசிய எதிரணி நண்பர் ரொம்ப அழகாக் கணக்குப் போட்டார். நண்பர் குடும்பத்தோட வந்தா கேஸ் சிலிண்டர் பத்து நாள் முன்னாடியே தீர்ந்து போகுது. தண்ணி கேன் ஒண்ணுக்கு மூணு ஆகுது. ராத்திரி பகலா ஃபேன் ஓடுது. கடைசியிலே ஒரு பழமொழியும் சொன்னார். “விருந்தும் மருந்தும் மூன்று நாள்!” கைதட்டலும் வாங்கிட்டார்.

ஐயா, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இவ்வளவு கணக்குப் போடுறாரே, போன கோடைக்கு அவர் யார் வீட்டுக்குப் போயிருந்தார்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க! (சிரிப்பு)

நடுவர்: ஏம்மா, அவர் நம்ம வீட்டுக்குத்தான் வந்திருந்தார். நானே கணக்குப் பாக்கலே, நீ ஏன் பாக்கறே? (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

பார்த்தீங்களா! நடுவரே தீர்ப்பைப் பாதி சொல்லிட்டார்!

ஐயா, இந்த மண்ணிலே நின்னுக்கிட்டு விருந்தாளி சுமைன்னு சொல்லலாமா? இது ராமானுஜர் 1017-ஆம் ஆண்டு பிறந்த ஊர். அவர் வாழ்க்கையிலே ஒரு விருந்து உண்டு. பக்கத்திலே பூவிருந்தவல்லி. அங்கே பிறந்தவர் திருக்கச்சி நம்பி. காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசுகிற தொண்டு அவருடையது. குலத்தால் வேறு. ஆனால் ராமானுஜர் அவரைப் பெரியவராக மதித்தார். ‘எங்க வீட்டுக்குச் சாப்பிட வரணும்’னு கூப்பிட்டார். குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன: அவரை அழைத்துவர ராமானுஜர் ஒரு தெரு வழியாகப் போகிறார், நம்பி இன்னொரு தெரு வழியாக வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டுப் போய்விடுகிறார். ராமானுஜர் திரும்பி வந்து பார்த்தால், அந்த அம்மா மிச்சத்தை எல்லாம் யாருக்கோ கொடுத்துவிட்டு, வீட்டைக் கழுவி விட்டு, குளிச்சுட்டு, புதுசா உலை வைத்துக்கொண்டு இருக்கிறார். ராமானுஜர் மனம் நொந்து போனார்.

ஏன்? சோறு போட்டாச்சே, இலை போட்டாச்சே, அப்புறம் என்ன குறை? இலை போடுறது விருந்து இல்லை ஐயா. வந்தவனை ‘நம்ம ஆளு’ன்னு நினைக்கிறதுதான் விருந்து. நினைக்கலேன்னா, வந்தவன் போனதும் கழுவித் தள்ளத்தான் தோணும். சுமை எங்கே இருக்கு? வந்தவரோட பெட்டியிலே இல்லே. வரவேற்கிறவங்க மனசுலே இருக்கு. (கைதட்டல்)

இதை நான் புத்தகத்திலே படிச்சுப் பேசலே. பட்டுப் பேசறேன். எங்க வீட்டுக் கதையையே சொல்லிடறேனே.

எங்களுக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். எங்க வீட்டுக்காரருக்கு இந்தப் பக்கம் ஒரு கம்பெனியிலே வேலை. 1998-லே இருங்காட்டுக்கோட்டையிலே முதல் கார் வெளியே வந்த நாள்லேர்ந்து, ஏரியும் வயலுமா இருந்த இந்த வட்டாரத்துக்குச் சுத்துப்பட்ட மாவட்டம் எல்லாம் வண்டியேறி வருது. அப்படி வந்தவங்கதான் நாங்களும். ஒரகடம் பக்கத்திலே லைன் வீடு. ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரின்னு ஷிஃப்ட்.

ரெண்டு வருஷம் அந்தத் தெருவுலே இருந்தேன் ஐயா. பக்கத்து வீட்டுக்காரம்மா பேரு எனக்குத் தெரியாது. என் பேரு அவங்களுக்குத் தெரியாது. யாரு எப்போ தூங்கறாங்க, எப்போ முழிச்சிருக்காங்கன்னே தெரியாதே, எந்தக் கதவைப் போய்த் தட்டறது? எல்லாக் கதவும் சாத்தியே இருக்கும். கம்பெனி பஸ் வரும், ஆள் இறங்கும், கதவு சாத்தும். அவ்வளவுதான் தெரு.

அப்போதான் ஒரு மே மாசம், கத்திரி வெயில் கொளுத்துது, என் சிநேகிதி போன் பண்ணினா. ஆறாங்கிளாஸ்லேர்ந்து பன்னிரண்டாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. “ஏய், லீவுக்குப் பசங்களைக் கூட்டிக்கிட்டு உன் வீட்டுக்கு வரேன்டீ, பத்து நாள்!” அப்படின்னா.

எனக்குத் தலைகால் புரியலே. அடுத்த நிமிஷம் பயம் வந்துடுச்சு. ஊர்லே என்ன சொல்லி வச்சிருக்கேன்? ‘என் வீட்டுக்காரருக்குப் பெரிய கம்பெனி உத்தியோகம்’னு சொல்லி வச்சிருக்கேன்! (சிரிப்பு) வந்து பார்த்தா ஒரே ரூம்! உடனே சீட்டுப் பணத்தை எடுத்தேன். புதுப் பெட்ஷீட், புதுத் தட்டு, முதல் நாள் ஹோட்டல் பிரியாணி, ரெண்டாம் நாள் துணிக்கடை, ஐஸ்கிரீம். மூணாம் நாள் வண்டலூர் மிருகக்காட்சி சாலை. 1985-லேர்ந்து வண்டலூர்லே இருக்கிற பெரிய இடமாச்சே, சும்மாவா! வாலாஜாபாத் ரோட்டுலே பஸ் பிடிச்சு, இடிபட்டு, மிதிபட்டு, மூணு பசங்களோட போய் இறங்கினா, கேட்டு பூட்டியிருக்கு. செவ்வாய்க்கிழமை! விடுமுறை நாள்! (பலத்த சிரிப்பு)

நடுவர்: பாவம்மா, சிங்கத்துக்கும் ஒரு நாள் லீவு வேணாமா? உங்களுக்கு மட்டும்தான் வீக்லி ஆஃபா? (சிரிப்பு)

எனக்கு அழுகையே வந்துடுச்சு ஐயா. அவ சிரிக்கிறா. ஒரு மரத்தடியிலே துண்டை விரிச்சா. கட்டிக்கிட்டுப் போன எலுமிச்சம்பழச் சாதத்தைப் பிரிச்சா. என் பொண்ணு கேக்கறா, “அம்மா, குரங்கைப் பாக்கவே முடியாதா?” அதுக்கு அவ பையன் சொல்றான், “அதான் நாம மூணு பேரும் வெளியிலேயே இருக்கோமே!” (சிரிப்பு, கைதட்டல்) அன்னிக்குச் சிரிச்ச சிரிப்பு இருக்கே, உள்ளே போயிருந்தாக்கூட அவ்வளவு சிரிச்சிருக்க மாட்டோம்.

அன்னிக்கு ராத்திரி நான் சமையல்கட்டுலே உட்கார்ந்து மிச்சப் பணத்தை எண்ணிக்கிட்டு இருக்கேன். பின்னாலேயே வந்து நின்னா. பார்த்துட்டா. ஒரு நிமிஷம் பேசலே. அப்புறம் சொன்னா பாருங்க: “இதோ பாருடீ, என்னை விருந்தாளியா வச்சிருக்கப் போறியா, சிநேகிதியா வச்சிருக்கப் போறியா? விருந்தாளின்னா நாளைக்குக் காலையிலே முதல் பஸ்ஸுக்குக் கிளம்பறேன். சிநேகிதின்னா இன்னும் ஏழு நாள் இருக்கேன்.”

எதிரணி நண்பரே, உங்க பழமொழிக்கு இதுதான் அர்த்தம்! விருந்துக்குத்தான் மூணு நாள். நாலாம் நாள் காலையிலே விருந்து முடிஞ்சு நட்பு ஆரம்பிக்குது! (பலத்த கைதட்டல்)

மறுநாள்லேர்ந்து எங்க வீட்டுலே பழையதும் மோரும்தான். எங்க வீட்டுக்காரருக்கு அந்த வாரம் நைட் ஷிஃப்ட். காலையிலே வந்து படுத்தார்னா, ஒரே ரூம்லே மூணு பசங்க சத்தத்திலே எப்படித் தூங்குவார்? அவளே சொன்னா, “அண்ணன் தூங்கட்டும், நாம வெளியே போவோம்.” தெருக்கோடியிலே தண்ணிக் குழாய் பக்கத்திலே ஒரு வேப்பமரம். பசங்களை அங்கே உட்கார வச்சு அஞ்சாங்கல், தாயம்னு ஆரம்பிச்சா. சத்தம் கேட்டு ஒரு கதவு திறந்துச்சு. அப்புறம் இன்னொரு கதவு. எதிர்வீட்டுலே விழுப்புரத்துக்காரம்மா. மூணாவது வீட்டுலே ஒடிசாவிலேர்ந்து வந்த பொண்ணு, தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. கல்லைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறதுக்கு மொழி எதுக்கு ஐயா?

ஆறாம் நாள், “வெயில் இப்படிக் கொளுத்துது, வீணாப் போகுதே, வடாம் போட்டா என்ன?”ன்னா. ஆளுக்குக் கொஞ்சம் அரிசி. ராத்திரியே கூழ் கிண்டி, விடியக்காலையிலே மொட்டை மாடியிலே வேட்டியை விரிச்சு, எங்க தெருப் பொம்பளைங்க எட்டுப் பேர் உட்கார்ந்து வடாம் பிழியறோம்! ரெண்டு வருஷமா ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்காதவங்க! வீட்டு ஓனரே ஏறி வந்து, ‘யாரு, என்ன விசேஷம்’னு கேட்டார். எதிர்வீட்டம்மா சொன்னாங்க, “எங்க தெருவுக்கு விருந்தாளி வந்திருக்காங்க!”

என் வீட்டுக்குன்னு சொல்லலே ஐயா. எங்க தெருவுக்குன்னு சொன்னாங்க. (கைதட்டல்)

பத்தாம் நாள் அவ போயிட்டா. எனக்கு ஒரு டின் வடாம் மிச்சம். அவ்வளவுதான்னு நினைச்சேன். ஆகஸ்ட் மாசம், ராத்திரி ஒரு மணி. என் பொண்ணுக்குக் காய்ச்சல் ஏறி, வலிப்பு வந்துடுச்சு. அவர் நைட் ஷிஃப்ட். போன் லாக்கர்லே. மணி அடிக்குது, அடிக்குது, எடுக்க ஆள் இல்லே. நாலு மாசத்துக்கு முன்னாடியா இருந்தா நான் எங்கே போய் நின்னிருப்பேன்? அன்னிக்கு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அண்ணன் சட்டை போடாம வண்டியை எடுத்தார். அந்தம்மா பின்னாலே உட்கார்ந்து என்னையும் பிள்ளையையும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டாங்க. ஒடிசாப் பொண்ணு என் வீட்டு வாசல்லே விடியற வரைக்கும் உட்கார்ந்திருந்தா, அவர் வந்தாச் சொல்லணும்னு. என் பொண்ணு பிழைச்சா. இதோ, முன் வரிசையிலே உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டு இருக்கா. (நீண்ட கைதட்டல்)

இப்போ சொல்லுங்க. அந்தப் பத்து நாளைக்கு எத்தனை தண்ணி கேன் ஆச்சுன்னு எழுதி வச்சிருக்கீங்களே, என் சிநேகிதி எனக்கு ஒரு தெருவையே குடுத்துட்டுப் போனாளே, அதை எந்தப் பக்கத்திலே எழுதுவீங்க? வரவா? செலவா?

இங்கேயிருந்து தெற்கே வேடந்தாங்கல். வருஷா வருஷம் ஆயிரக்கணக்கிலே பறவைகள் வருது. அதுங்க வர்றது கோடையிலே இல்லே, மழைக்காலத்திலே. ஆனா விருந்தாளி விருந்தாளிதானே! அந்த ஊர் ஜனங்க அதுங்களைச் சுடக்கூடாதுன்னு வெள்ளைக்காரன் காலத்திலேயே முறையிட்டு, 1798-லே கலெக்டர் லயனல் பிளேஸ்கிட்டே பாதுகாப்புக்கு உத்தரவு வாங்கினாங்க. ஏன் தெரியுமா? பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம். அந்த உழவனுக்குத் தெரிஞ்சிருக்கு, விருந்தாளி எதையாவது விட்டுட்டுத்தான் போவான்னு. நமக்குத்தான் தெரியலே!

எதிரணி அம்மா ஒண்ணு சொன்னாங்க. ‘யார் வந்தாலும் அடுப்படியிலே வேகறது பொம்பளைதான்.’ நியாயம். நூத்துக்கு நூறு நியாயம். நான் மறுக்கலே. ஆனா அது விருந்தாளி குத்தமா? கூடத்திலே உட்கார்ந்து ‘இன்னும் ரெண்டு காப்பி’ன்னு குரல் குடுக்கிறவர் குத்தம்! (பெண்கள் பகுதியில் பலத்த கைதட்டல்) விருந்தாளிக்கும் ஒரு வேலை குடுங்க, வீட்டுக்காரருக்கும் ஒரு வேலை குடுங்க. வெங்காயம் உரிக்கச் சொல்லுங்க. வேலை குடுத்தாத்தான் வந்தவங்களுக்கும் அது சொந்த வீடு.

கடைசியா ஒண்ணு. இந்த வல்லம் வடகாலிலே 2024 ஆகஸ்ட் மாசம் பெண் தொழிலாளர்களுக்குன்னு ஒரு பெரிய விடுதி திறந்தாங்க. 706.50 கோடி ரூபாய் செலவு. 18,720 படுக்கை. நல்ல காரியம், நம்ம பிள்ளைங்க பாதுகாப்பா இருக்கணும். ஆனா படுக்கையை எண்ணிக் கட்டலாம், திண்ணையை எண்ணிக் கட்ட முடியாது. அந்தக் காலத்து வீட்டுலே வழிப்போக்கனுக்குன்னே ஒரு திண்ணை இருந்துச்சு. இந்த வட்டாரத்திலே தனி ரூமிலேயும் விடுதியிலேயும் இருக்கிற பொண்ணுங்களைத் தேடி ஊர்லேர்ந்து ஒரு சிநேகிதி வந்தா எங்கே உட்கார வைப்பா? பஸ் ஸ்டாண்டுலேயா? அதனாலே இங்கே வந்திருக்கிற குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கோடையிலே ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை, உங்க தெருவிலே தங்கியிருக்கிற ஒரு பொண்ணைக் கூப்பிட்டு, “உன் சிநேகிதி வந்தா நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வாம்மா, ஒரு வாய் ரசஞ்சாதம் சாப்பிடலாம்”னு சொல்லிப் பாருங்க. பிரியாணி வேணாம். சீட்டுப் பணம் எடுக்க வேணாம்.

கோப்பெருஞ்சோழன் நாட்டை விட்டு, வடக்கிருந்து உயிர் விடத் துணிந்தான். அந்த நேரத்திலே அவன் கேட்டது என்ன? பொன்னா? படையா? ‘பாண்டிய நாட்டிலேர்ந்து பிசிராந்தையார் வருவார், பக்கத்திலே அவருக்கு ஓர் இடம் ஒதுக்கி வையுங்கள்’ என்றான். அதுவரைக்கும் இருவரும் நேரிலே பார்த்துக்கொண்டதே இல்லை! ஆனால் அவர் வந்தார். ராஜ்ஜியத்தையே இறக்கி வைத்தவனுக்கு நண்பனுக்கு ஒதுக்கிய அந்த ஓர் இடம் மட்டும் சுமையாகத் தெரியவில்லை ஐயா!

எங்க வீடு இன்னிக்கும் ஒரே ரூம்தான். இந்த மே மாசமும் அவ வரா. செவ்வாய்க்கிழமை மட்டும் வண்டலூருக்குப் போக மாட்டோம்! (சிரிப்பு)

ஆகவே, கோடை விடுமுறைக்கு நண்பர்கள் வீடு தேடி வருவது மகிழ்ச்சியே, மகிழ்ச்சியே, மகிழ்ச்சியே என்று நல்ல தீர்ப்பை வழங்குமாறு நடுவர் அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். (நீண்ட கைதட்டல்)