ஆணையத்தின் சொல்லுக்கு அவையில் பதில்

ஏற்பாட்டுக் குழுவினருக்கும், கட்டுரை படிக்கவிருக்கும் ஆய்வாளர்களுக்கும், வேலை நாளென்றும் பாராமல் பத்து பகாட்டிலிருந்தும் சிகாமட்டிலிருந்தும் வந்திருக்கும் இயக்கத் தோழர்களுக்கும் நன்றி. தலைமை உரை நீண்டால் கட்டுரையாளர்களின் நேரம்தான் குறையும். ஆகவே ஒரே விஷயத்தோடு நிற்கிறேன்.

குற்றவியல் நீதி குறித்து அரசுக்கு எடுத்துச் சொல்லும் ஆணையங்களைச் சட்டம் எப்படிப் புதுப்பிக்கிறது, எப்படி உருமாற்றுகிறது என்பதே நம் பொருள். நம் மலேசியாவில் போலீசைப் பொறுத்தவரை இந்தக் கதை 2004-இல் தொடங்குகிறது. முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமட் சைடின் அப்துல்லா தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. முன்னாள் போலீஸ் படைத் தலைவர் துன் ஹனிஃப் ஓமார் அதன் துணைத் தலைவர். போலீசைப் பிடிக்காதவர்கள் எழுதிய அறிக்கை என்று யாரும் அதை ஒதுக்க முடியாது. 2005-இல் வந்த அறிக்கையில் 125 பரிந்துரைகள். போலீசாரின் சம்பளமும் குடியிருப்பும்கூட அவற்றில் அடக்கம். சிக்கல் வந்தது ஐபிசிஎம்சி என்ற இடத்தில்: புகாரை விசாரித்து, தவறியவர்மீது தானே ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் சுயேச்சை ஆணையம்.

அதற்குப் பதிலாக 2009-இல், அமலாக்கத் துறைகளின் நேர்மையைக் கண்காணிக்கும் ஆணையத்துக்கான இ.ஏ.ஐ.சி. சட்டம் வந்தது, நடைமுறைக்கு வந்ததோ 2011 ஏப்ரலில். குடிநுழைவு, சுங்கம் போன்ற பல துறைகளோடு போலீசும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. 2019-இல் ஐபிசிஎம்சி மசோதா நாடாளுமன்றம் வரை வந்து, ஆட்சி மாறியதும் மீட்டுக்கொள்ளப்பட்டது. பிறகு 2022-இல், போலீஸ் நடத்தை ஆணையத்துக்கான ஐபிசிசி சட்டம் நிறைவேறி, 2023 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. பெயரில் ஓர் எழுத்து குறைந்தது. அதிகாரம் அதைவிட அதிகம் குறைந்தது.

எப்படி என்கிறீர்களா? இந்த ஆணையம் விசாரிக்கலாம், தண்டிக்க முடியாது. லோக்காப்பைப் பார்வையிடலாம், ஆனால் முன்கூட்டியே தகவல் சொல்லிவிட்டுப் போகவேண்டும். சொல்லிவிட்டுப் போனால் லோக்காப் எவ்வளவு சுத்தமாக இருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அதன் முடிவு போகும் இடம் போலீஸ் படை ஆணையம். அரசமைப்பின் 140-ஆம் விதிப்படி அதற்குத் தலைவர் உள்துறை அமைச்சர். போலீஸ் படைத் தலைவரும் ஓர் உறுப்பினர். ஐபிசிஎம்சிக்கு இந்த விதி இடம் தராது என்று பல காலம் சொல்லி வந்தார்கள். ஒழுங்கு அதிகாரத்தை வேறோர் அமைப்பிடம் கொடுக்க நாடாளுமன்றம் சட்டம் செய்யலாம் என்று அதே விதியே சொல்கிறது. சட்ட மாணவர்கள் அதை முழுதாகப் படித்துவிட்டுப் பிற்பகல் அமர்வுக்கு வரவேண்டும்.

நம் ஜொகூர் மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 நவம்பரில் பெங்கெராங்கில் கைதான ஓர் இளைஞர் போலீஸ் காவலில் இறந்தார். இ.ஏ.ஐ.சி. விசாரித்தது, கைது செய்தபோது போலீசார் அவரைத் தாக்கினார்கள் என்று 2016-இல் வெளிப்படையாகவே சொன்னது. நல்ல வேலை, மறுக்கவில்லை. அதற்குமேல் அந்த ஆணையத்தால் செய்ய முடிந்தது பரிந்துரைப்பது மட்டும்தான். தடுப்புக் காவலில் மரணம் என்று செய்தி வந்தால், நம் வீடுகளில் முதலில் இறந்தவர் பெயரைத்தான் தேடுகிறோம். நம் பையனா என்று. அந்தப் பழக்கம் ஏன் வந்தது என்று இந்த அவைக்குத் தெரியும்.

சட்டம் ஆணையத்தை உருமாற்றுவது இங்கு மட்டுமல்ல. இலங்கையைப் பாருங்கள். 2001-இல் 17-ஆவது திருத்தம் தேசியப் போலீஸ் ஆணைக்குழுவுக்கு உயிர் கொடுத்தது. 2010-இல் 18-ஆவது திருத்தம் அதைப் புகார் கேட்கும் மேசையாக்கியது. 2015-இல் மீண்டும் அதிகாரம் வந்தது. தமிழ்நாடு 2013-இல் செய்த போலீஸ் சீர்திருத்தச் சட்டமோ, மாநிலப் புகார் ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரையே தலைவராக்கியது. புகார் சொல்லப்படும் துறையை நிர்வகிப்பவரிடமே அதை விசாரிக்கும் பொறுப்பு!

ஆகவே ஐபிசிசி சட்டம் அடுத்த முறை திருத்தப்படும்போது, ஆணையத்தில் எத்தனை உறுப்பினர், யார் தலைவர் என்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. ஆணையம் ஒன்று சொன்னால், அதை ஏற்றோமா, இல்லையா, ஏன் என்று குறித்த நாளுக்குள் அரசு நாடாளுமன்றத்தில் எழுத்து மூலம் பதில் வைக்கும் கடமை சட்டத்திலேயே இருக்கவேண்டும். அறிக்கை கொடுத்தால் மட்டும் போதாது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த மனித உரிமை ஆணையமான சுஹாகாமின் ஆண்டறிக்கை, 2019 டிசம்பரில்தான் முதன்முறையாக நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டது.

போலீசும் குற்றவியல் சட்டமும் கூட்டரசின் பட்டியலில் இருப்பதால் கோத்தா இஸ்கந்தாரிலுள்ள நம் மாநிலச் சட்டமன்றம் இதில் ஒரு வரியும் சேர்க்க இயலாது. ஆனால் ஜொகூரிலிருந்து 26 பேர் நாடாளுமன்றத்தில் இருக்கிறார்கள். இந்தக் கருத்தரங்கு முடிவதற்குள் பதில் வைக்கும் கடமையை விதிக்கும் அந்த ஒரு பிரிவை மலாயிலும் தமிழிலும் எழுதி, மகஜராக 26 பேரிடமும் நேரில் கொடுக்கும் பொறுப்பை ஒரு குழு ஏற்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டு, முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.